பூமியின் ஓட்டில் எத்தனை துண்டுகள்?



சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஐயா, பூமியின் மேலோடு 7 தட்டுகளாக உடைந்திருக்கிறது என்று இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. இந்த இன்னொரு புத்தகத்தில் 15 என்று போட்டிருக்கிறார்கள். எது ஐயா சரி?" என்று கேட்டாள்.

பயிற்சிக் கல்லூரியில் 7 என்று மனப்பாடம் செய்து தேர்வெழுதியவன் நான். ஆகவே 7 என்றே வாய் வந்தது. ஆனால் சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன், அம்மா" என்று அனுப்பிவிட்டேன். தேடிப் பார்த்தபோது 6 என்று சொன்னவர் உண்டு, 12 என்று சொன்னவர் உண்டு, 52 என்று சொன்னவரும் உண்டு என்று தெரிந்தது. இத்தனைக்கும் அவர்களில் எவரும் பொய் சொல்லவில்லை! இது எப்படி? இந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் தட்டு என்றால் என்ன என்று பார்ப்போம். அடுப்பில் பால் காயும்போது மேலே ஏடு படிகிறது. கீழே பால் புரளப் புரள, ஏடு நகர்கிறது, ஓரிடத்தில் கிழிகிறது, இன்னோரிடத்தில் மடிந்து சுருங்குகிறது. பூமியும் ஏறக்குறைய அப்படித்தான். மையம் வரை போனால் 6,371 கிலோமீட்டர். அதில் மேலே உள்ள 100 கிலோமீட்டர் அளவே குளிர்ந்து இறுகிய கல் ஓடு. அந்த ஓடுதான் துண்டு துண்டாக உடைந்து கிடக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு தட்டு. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஓட்டுக்குக் கீழே இருப்பது பாலைப்போல் நீர்மமன்று. அதுவும் கல்தான். கடுஞ்சூட்டில் மிக மெதுவாக இளகி நகரும் கல். அதனால்தான் தட்டுகளும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே நகர்கின்றன. நம் விரல் நகம் வளரும் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டம் வேறு, தட்டு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே தட்டின் மேல் பாதி நிலமும் பாதி கடலும் இருக்கலாம். பசிபிக் தட்டு கிட்டத்தட்ட முழுவதுமே கடலுக்கு அடியில் இருக்கிறது.

இந்த ஓடு நகர்கிறது என்று முதன்முதலில் அழுத்தமாகச் சொன்னவர் ஜெர்மனி நாட்டு வானிலை அறிஞர் ஆல்பிரட் வெகனர். 1912ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் நகரில் ஒரு கூட்டத்தில் பேசினார். 1915இல் நூலாகவும் எழுதினார். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும், கிழித்த காகிதத்தின் இரு ஓரங்களைப்போல் பொருந்துகின்றன என்றார். ஒரே வகைப் பழங்காலத் தாவரத்தின் கல்லாகிய இலைகள் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைப்பதையும் எடுத்துக்காட்டினார்.

அவ்வாறு ஒன்றாயிருந்த தென்திசைப் பெருநிலத்துக்கு அறிஞர்கள் கொண்ட பெயர் கோண்டுவானா. நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியிலிருந்து எடுத்த பெயர் அது. அவர்கள் பேசும் கோண்டி, நம் தமிழோடு உறவுடைய திராவிட மொழி என்பதை இங்கே நினைவுகூரலாம்.

வெகனரின் கூற்றை அக்காலத்துப் பெரும் புலவர்கள் பலர் ஏற்கவில்லை. "கண்டத்தை இழுத்துச் செல்லும் சக்தி எது?" என்று கேட்டார்கள். அவரால் சரியான விடை சொல்ல முடியவில்லை. 1930 நவம்பரில், ஐம்பது வயது நிறைந்த சில நாட்களில், கிரீன்லாந்தின் பனிவெளியில் அவர் உயிர் பிரிந்தது. தாம் சொன்னது நிலைபெற்றதைக் காண அவர் இருக்கவில்லை.

விடை நிலத்தில் இல்லை, கடலுக்கு அடியில் இருந்தது. அதைக் கண்டெடுத்ததில் ஒரு பெண்மணியின் பங்கு பெரிது. அவர் பெயர் மேரி தார்ப். அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் ஆய்வுக் கப்பல்களில் பெண்களை ஏற்றமாட்டார்கள். ஆகவே ஆண்கள் கடலுக்குப் போய் ஆழத்தை அளந்து வருவார்கள். மேரி மேசையில் உட்கார்ந்து அந்த அளவுகளைப் படமாக வரைவார். 1952ஆம் ஆண்டு வாக்கில், அட்லாண்டிக் கடலின் நடுவே ஓடும் நீண்ட மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு நெடுக ஓடுவதைக் கண்டார். உடன் வேலை பார்த்த புரூஸ் ஹீசனிடம் சொன்னார். அவரோ, இது பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார்.

ஆனால் பக்கத்து மேசையில் இன்னொருவர் நில அதிர்ச்சிகள் ஏற்பட்ட இடங்களைப் புள்ளியிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். புள்ளிகள் எல்லாம் மேரி வரைந்த பள்ளத்தாக்கின் மேலேயே வரிசையாக விழுந்தன! பூமியின் ஓடு அங்கே பிளந்து விலகுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. நில அதிர்ச்சிப் புள்ளிகள்தாம் தட்டின் எல்லைக் கற்கள் என்ற பாடத்துக்கும் அது தொடக்கம்.

பிறகு வேலை விரைவாக நடந்தது. 1962இல் ஹாரி ஹெஸ் என்பவர், கடலடி மலைத்தொடரில் புதிய தரை பிறந்து இருபுறமும் விலகிப் போகிறது, ஆழமான அகழிகளில் பழைய தரை உள்ளே இறங்கிவிடுகிறது என்று எழுதினார். மறு ஆண்டு வைன், மேத்யூஸ் என்ற இருவர், கடலடிக் கற்களில் பதிந்துள்ள காந்தப் பட்டைகளைக் கொண்டு அதற்குச் சான்று காட்டும் வழியைச் சொன்னார்கள். 1965இல் கனடா நாட்டு டூசோ வில்சன், பூமியின் மேற்பரப்பு சில பெரிய கெட்டியான தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது என்று எழுதினார். "தட்டு" என்ற சொல் அப்போதுதான் இந்தப் பொருளில் அரங்கேறியது. இத்தனைக்கும் அதே வில்சன் பல ஆண்டுகள் கண்டங்கள் நகரவில்லை என்று வாதாடியவர். ஐம்பது வயதை ஒட்டித் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

தட்டுகளின் எல்லைகளை மூன்று வகையாகப் பிரிப்பது இக்காலத்தில்தான் முழுமை பெற்றது. முதலாவது, இரண்டு தட்டுகள் விலகும் எல்லை. அட்லாண்டிக் நடுவே உள்ளது அதுதான். இரண்டாவது, இரண்டு தட்டுகள் மோதும் எல்லை. ஒன்று மற்றொன்றின் அடியில் நுழைந்தால் அகழியும் எரிமலையும் உண்டாகும், இரண்டும் கண்டமாயிருந்தால் இமயம்போல் மலை எழும்பும். மூன்றாவது, ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நழுவும் எல்லை. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு இவ்வகை. இந்த மூன்றாம் வகையை விளக்கிக் காட்டியவர் வில்சனே.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு தட்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தீர்மானிப்பது? நம் தோட்டங்களை டிவிஷன்களாகப் பிரித்தவர்கள் ஆற்றையும் ரோட்டையும் பார்த்துப் பிரித்தார்கள். பூமிக்கு அந்த வழி உதவாது. அதற்கு ஒரே விதிதான் உண்டு. எது ஒரே துண்டாகச் சேர்ந்து நகர்கிறதோ, அது ஒரு தட்டு. நடுவில் வளைவதும் கிழிவதும் கூடாது.

1967ஆம் ஆண்டிலும் 1968ஆம் ஆண்டிலும் மூன்று இளைஞர்கள் இந்த விதியைக் கணக்காக்கினார்கள். அமெரிக்காவில் ஜேசன் மோர்கன், இங்கிலாந்தைச் சேர்ந்த டான் மெக்கென்சி, பிரான்சு நாட்டைச் சேர்ந்த சேவியர் லெ பிஷோன் ஆகியோரே அவர்கள். உருண்டையின் மேல் ஒரு துண்டு எப்படி நகர்ந்தாலும், அதை ஓர் அச்சைச் சுற்றிய சுழற்சியாகக் கணக்கிடலாம் என்பது பழைய கணித உண்மை. அதைத் தட்டுகளுக்குப் பொருத்தினார்கள்.

லெ பிஷோனைப் பற்றி நம் தோட்டத்து நேயர்களுக்குத் தனியே ஒரு செய்தி சொல்ல வேண்டும். அவர் 1937இல் வியட்நாமில் பிறந்தார். தகப்பனார் அங்கே ரப்பர்த் தோட்ட நிர்வாகி. ரப்பர் மரங்களுக்கிடையே தொடங்கிய வாழ்க்கை அவருடையது. 1966இல் பட்டத்துக்கு எழுதிய ஆய்வில் கடலடித் தரை விரியவில்லை என்றே முடிவு கட்டியிருந்தார். அதே ஆண்டு புதிய காந்த அளவுகளைக் கண்டதும், தம் ஆய்வின் முடிவு தவறு என்று ஒப்புக்கொண்டார். அடுத்த ஈராண்டுக்குள் உலகம் முழுவதற்கும் தட்டுகளின் நகர்ச்சியை அவரே கணக்கிட்டார். தவற்றை உடனே ஒப்புக்கொண்டவருக்கு அந்தப் பெருமை கிடைத்தது. 2025ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

1968இல் லெ பிஷோன் எடுத்துக்கொண்ட தட்டுகள் 6. பசிபிக், அமெரிக்கா, ஆப்பிரிக்கா, யூரேசியா, இந்தியா, அண்டார்டிக்கா. வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் அவர் கணக்கில் ஒன்றே. ஆஸ்திரேலியா இந்தியாவோடு சேர்ந்தே இருந்தது. சிறு துண்டுகள் இருப்பது அவருக்குத் தெரியாமலில்லை. மோர்கன் அதே ஆண்டில் 20 துண்டுகள் வரை பேசினார். ஆனால் கணக்குப் போடுவதற்கு முதலில் பெரியவற்றை எடுத்துக்கொள்வதுதானே முறை?

அளவுகள் துல்லியமாக ஆக, சேர்த்து எழுதியவை பிரிந்தன. அமெரிக்கா இரண்டாயிற்று. நாஸ்கா, கோகோஸ், கரீபியன், அரேபியா என்பவை தனித் தட்டுகளாயின. 1990இல் வெளிவந்த புகழ்பெற்ற ஒரு கணக்கில் 12 தட்டுகள். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பீட்டர் பேர்ட் என்பவர் 14 பெரிய தட்டுகள், 38 சிறிய தட்டுகள், ஆக 52 என்று எல்லை வரைந்து காட்டினார். அந்தச் சிறியவற்றில் பல நமக்குக் கிழக்கே, இந்தோனேசியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் அக்கம்பக்கத்தில் நெருங்கிக் கிடக்கின்றன. அதோடு, இமயத்துக்கு வடக்கேயுள்ள திபெத்துப்போல் நொறுங்கி வளைந்த 13 பகுதிகளைத் தனியே குறித்தார். அங்கே தட்டு விதி சரியாகச் செல்லாது என்று சொல்லிவிட்டார்.

பள்ளிப் புத்தகங்கள் பரப்பளவை வைத்து மூவகையாகப் பிரிக்கின்றன. 2 கோடி சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டவை பெருந்தட்டுகள். அதற்குக் குறைந்து 10 இலட்சம் வரை உள்ளவை சிறுதட்டுகள். அதற்கும் குறைந்தவை நுண்தட்டுகள். பெருந்தட்டுகள் 7. பசிபிக் தட்டுதான் மிகப் பெரியது. அது 10 கோடி சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் மலேசியாவைப்போல் 300 நாடுகள் அதற்குள் அடங்கும். மாணவியின் முதல் புத்தகம் பெருந்தட்டுகளை மட்டும் எண்ணியது. இரண்டாம் புத்தகம் சிறுதட்டுகளில் முக்கியமானவற்றையும் சேர்த்து எண்ணியது. இதுவே வேறுபாடு.

சரி, நாம் எந்தத் தட்டில் இருக்கிறோம்? யூரேசியத் தட்டில் என்றுதான் நான் படித்தேன். 1990களில் விண்கோள்களின் துணையால் நிலத்தின் நகர்ச்சியை மில்லிமீட்டர் வரை அளக்கும் வழி வந்தது. தென்கிழக்காசியா எங்கும் அளவுக்குறிகள் நட்டார்கள். மலாயாத் தீபகற்பம், தாய்லாந்து, இந்தோசீனா, போர்னியோ, சுமத்ராவின் பெரும்பகுதி ஆகியவை சேர்ந்து, யூரேசியாவைவிட ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் கிழக்கே விலகிப் போவது தெரிந்தது. சேர்ந்து நகர்வது ஒரு தட்டு என்பதுதானே விதி? ஆகவே நம்முடையது சுந்தா என்ற தனித் தட்டாயிற்று.

நம் பாட்டன் பாட்டிமார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். ரஜூலா என்ற கப்பலின் பெயரை இன்றும் முதியவர்கள் சொல்வார்கள். தமிழ்நாடும் இலங்கையும் இந்தியத் தட்டின் மேல் இருக்கின்றன. அந்தக் கப்பல்கள் நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் பக்கமாக வந்தபோது, ஒரு தட்டை விட்டு இன்னொரு தட்டுக்கு வந்தன. கப்பலில் இருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. அடியில் இந்தியத் தட்டு மெல்ல மெல்ல நம் பக்கத்துத் தட்டின் கீழே நுழைந்துகொண்டிருந்தது. நுழைய முடியாமல் சிக்கிக்கொண்டு இறுகிக்கொண்டும் இருந்தது.

2004 டிசம்பர் 26ஆம் நாள், நம் நேரப்படி காலை 8.58க்கு அந்தச் சிக்கல் அறுந்தது. 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீளமாக அந்த எல்லை கிழிந்தது. கடல் தரை உயர்ந்து தாழ, ஆழிப்பேரலை புறப்பட்டது. 14 நாடுகளில் 2,20,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர். மலேசியாவில் 68 பேர், பெரும்பாலோர் பினாங்கில். அந்நாளில் கப்பல் புறப்பட்ட கரையையும் கப்பல் சேர்ந்த கரையையும் ஒரே நாளில் ஒரே அலை தாக்கியது. நம் தீபகற்பமே அன்று மேற்கே இழுக்கப்பட்டது. லங்காவி ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நகர்ந்தது.

நேயர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதிர்ச்சி காலை 9 மணிக்கு. பினாங்குக் கரையில் அலை வந்தது பிற்பகல் 1 மணி வாக்கில். இடையே ஏறக்குறைய 4 மணி நேரம் இருந்தது. ஆனாலும் கடற்கரையில் இருந்தவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஏன்? நம் நாடு தட்டின் ஓரத்தில் இல்லை, ஆகவே நமக்கு ஆபத்தில்லை என்று எல்லோரும் நம்பியிருந்தோம். நானும் அப்படித்தான் படித்தேன், அப்படியே சொல்லிக்கொடுத்தேன். நாம் ஓரத்தில் இல்லை என்பது உண்மை. ஓரத்தில் நடப்பது நம்மை எட்டாது என்பது பொய். சரியாக இருந்த ஒரு பாடத்திலிருந்து தவறான முடிவை எடுத்துவிட்டோம். அந்தப் பேரழிவுக்குப் பிறகே நம் நாட்டில் ஆழிப்பேரலை எச்சரிக்கை ஏற்பாடு அமைந்தது.

எண்ணிக்கை இன்னும் முடியவில்லை. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்ராவுக்கு மேற்கே 8.6, 8.2 அளவில் இரண்டு அதிர்ச்சிகள் இரண்டு மணி நேர இடைவெளியில் ஏற்பட்டன. அவை எல்லையில் நிகழவில்லை. தட்டின் நடுவிலேயே நிகழ்ந்தன. தரை பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே தட்டு அல்ல, இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று 1985இலேயே சில அறிஞர்கள் எழுதியிருந்தனர். அந்தப் பிரிவினையின் ஓசையே 2012இல் கேட்டது எனலாம். அங்கே எல்லை இன்னும் ஒரு கோடாகவில்லை. கிழியத் தொடங்கிய துணியைப்போல் அகலமாக நைந்து கிடக்கிறது.

பிரிவது ஒருபுறமிருக்க, சேர்ந்ததற்கும் நம் காலடியிலேயே சான்று உண்டு. பகாங்கில் பெந்தோங், ரவுப் வழியாக வடக்குத் தெற்காக ஒரு பழைய தழும்பு ஓடுகிறது. அதற்கு மேற்கேயுள்ள நிலம் ஒரு காலத்தில் கோண்டுவானாவின் ஓரத்தில் இருந்தது. லங்காவியின் பாறைகளில், பனிக்கட்டி சுமந்துவந்து கடலில் போட்ட கற்கள் இன்றும் பதிந்திருக்கின்றன. இந்த வெப்ப நாட்டில் பனிக்கட்டி! அந்த நிலம் பிரிந்து வடக்கே வந்து, 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் கிழக்கு மலாயாவோடு மோதி ஒட்டியது. நடுவிலிருந்த கடல் மறைந்தது. அதன் ஆழத் தரையில் படிந்த கற்கள் பெந்தோங், ரவுப் பக்கத்தில் மலை வெட்டிய இடங்களில் தென்படுகின்றன. அந்த மோதலையொட்டி உருகி எழுந்த கருங்கல்லே தித்திவங்சா மலைத்தொடர். அந்தக் கருங்கல்தான் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்துக்குத் தாய். ஈய லம்பங்கள் இல்லாமல் இந்த நாட்டின் இரயில் பாதையையும் பட்டணங்களையும் நினைத்துப் பார்க்க முடியுமா?

பழைய தழும்புகளும் சில வேளை வலிக்கும். 2007 நவம்பர் இறுதியிலிருந்து பகாங் புக்கிட் திங்கி வட்டாரத்தில் சிறு அதிர்ச்சிகள் பல ஏற்பட்டன. 2025 ஆகஸ்டில் ஜொகூர் சிகாமட்டில் 4.1 அளவில் ஓர் அதிர்ச்சி. 2015 ஜூன் 5ஆம் நாள் சபாவில் ஏறத்தாழ 6.0 அளவில் ஏற்பட்ட அதிர்ச்சியில் கினபாலு மலையில் 18 பேர் இறந்தனர். பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு இரண்டு பழக்கங்களைச் சொல்லி வைப்பது பெற்றோர் கடமை. வீட்டுக்குள் இருக்கும்போது தரை ஆடினால், உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். கடற்கரையில் இருக்கும்போது தரை வெகு நேரம் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுக்கு ஓடிவிட வேண்டும்.

மறுநாள் அந்த மாணவிக்கு என்ன விடை சொன்னேன் தெரியுமா? "இரண்டு புத்தகமும் சரிதான், அம்மா. பெரியதை மட்டும் எண்ணினால் 7. சிறியதையும் எண்ணினால் 15, 52 என்று போகும். எண்ணை மனப்பாடம் செய்யாதே, எப்படி எண்ணினார்கள் என்று கேள்" என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் நான் பெரியவளாகும்போது எண்ணிக்கை மாறிவிடுமா, ஐயா?" என்று கேட்டாள்.

மாறும் என்றேன். மாற்றுகிறவர்களில் ஒருத்தி நம் தோட்டத்திலிருந்தும் புறப்படலாம் என்றும் சொன்னேன். மேசையில் உட்கார்ந்து கோடு போட்ட மேரி தார்ப்பும், ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த லெ பிஷோனும் நமக்கு அதற்குச் சாட்சி.